பெயரின் கடைசிப் புள்ளி: வார்சார் நிரலுக்கு எவ்வளவு நீளம் விடுவது?

நான் படித்துக்கொண்டிருந்த காலத்தில் எங்கள் ஊர் வாசிகசாலைக்கு உறுப்பினர் அட்டை அடிக்கும் சின்ன மென்பொருள் ஒன்று செய்து கொடுத்தேன். அட்டைகள் அச்சாகி வந்த இரண்டாம் நாள், பத்திரிகை வாசிக்க வந்த பெரியவர் ஒருவர் தன் அட்டையை மேசையில் வைத்தார். "தம்பி, என்ர பேரில கடைசிப் புள்ளியைக் காணேல்லை." பாலசுப்பிரமணியம் என்று இருக்க வேண்டியது "பாலசுப்பிரமணியம" என்று இருந்தது. அச்சில் மை விடுபட்டிருக்கும் என்றுதான் முதலில் நினைத்தேன். திரையிலும் புள்ளி இல்லை. தட்டச்சுச் செய்த அக்கா, "நான் சரியாத்தான் அடிச்சனான்" என்றார். அவர் சொன்னது சரி. புள்ளியை விழுங்கியது நான் போட்ட ஓர் எண். தரவுத்தளத்தில் பெயருக்கான நிரலை வார்சார் என்ற எழுத்து வகையில், 15 என்ற எல்லையோடு அமைத்திருந்தேன்.

உயர்தரத்தில் ஐசிரி, அதாவது தகவல் தொழில்நுட்பம், படிக்கும் பிள்ளைகளும் பல்கலைக்கழக முதலாம் ஆண்டுப் பிள்ளைகளும் தரவுத்தளம் பழகத் தொடங்கும்போது இதே எண்ணை யோசிக்காமல் போடுகிறார்கள். அந்த எண் எதை எண்ணுகிறது என்பதுதான் இந்தக் கட்டுரை முழுவதும். ஆங்கிலத்தில் மட்டும் வேலை செய்பவர்கள் இதைத் தெரியாமலேயே பல காலம் ஓட்டிவிடலாம். தமிழ்ப் பெயர்களையும் ஊர்களையும் சேமிக்கும் நமக்கு அது முடியாது.

முதலில் நிரல் என்றால் என்ன என்பதைப் பார்த்துவிடுவோம். தரவை அட்டவணைகளாக வைத்து, அட்டவணைகளுக்கு இடையில் தொடர்பு ஏற்படுத்தும் முறையை ஐபிஎம்மில் வேலை செய்த எட்கர் கொட் 1970 இல் ஒரு கட்டுரையில் முன்வைத்தார். அட்டவணையில் கிடையாகச் செல்வது நிரை. ஓர் உறுப்பினருக்கு ஒரு நிரை. நிலைக்குத்தாகச் செல்வது நிரல். பெயர் ஒரு நிரல், ஊர் இன்னொரு நிரல். ஒவ்வொரு நிரலுக்கும் அதில் என்ன வகைத் தரவு வரும் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். எழுத்துத் தரவுக்குப் பெரும்பாலும் இரண்டு வகைகளைக் காண்பீர்கள். ஒன்று சார், மற்றது வார்சார். வார்கார் என்று சொல்பவர்களும் உண்டு.

விண்ணப்பப் படிவங்களில் பெயர் எழுதக் கட்டம் கட்டமாகப் போட்டிருப்பார்களே, சார் அந்த மாதிரி. இருபது கட்டம் என்றால் எல்லோருக்கும் இருபது கட்டம். உடுவில் என்று ஆங்கில எழுத்தில் எழுதினால் ஆறு கட்டம் நிரம்பும். மிச்சம் பதினான்கும் வெற்றிடங்களால் நிரப்பப்படும். கணினியில் இடத்தை அளக்கும் அலகு பைற்று. ஆங்கில எழுத்துக்கு ஒரு பைற்று என்று வைத்தால் 20 பைற்று போகிறது. வார்சார் கோடு போட்ட கொப்பியில் எழுதுவது போன்றது. எழுதிய அளவுக்குத்தான் இடம். ஆனால் பெயர் எங்கே முடிகிறது என்று தரவுத்தளத்துக்குத் தெரிய வேண்டும். அதனால் ஒவ்வொரு மதிப்போடும் அதன் நீளத்தையும் குறித்து வைக்கும். உடுவில் என்பதற்கு நீளத்தைக் குறிக்க 1 பைற்று, எழுத்துகளுக்கு 6 பைற்று, மொத்தம் 7. சாவகச்சேரிக்கு ஆங்கிலத்தில் 14 எழுத்து. அதற்கு 15 பைற்று. அந்த நீளக் குறிப்பு மதிப்புக்கு முன்னாலேயே இருக்குமா, நிரையின் தலைப்பகுதியில் மற்ற நீளங்களோடு சேர்ந்திருக்குமா என்பது தரவுத்தளத்துக்குத் தரவுத்தளம் மாறும். பயன்படுத்தும் நமக்கு அதனால் வித்தியாசம் இல்லை.

இதிலிருந்து பிள்ளைகள் அடிக்கடி தவறாக விளங்கிக்கொள்ளும் ஒன்றைச் சொல்ல வேண்டும். வார்சார் 100 என்று எழுதினால் நிரை ஒவ்வொன்றிலும் 100 எழுத்துக்கு இடம் ஒதுக்கப்படுவதில்லை. அந்த எண் ஓர் எல்லை. "இதற்கு மேல் வந்தால் ஏற்றுக்கொள்ளாதே" என்று தரவுத்தளத்துக்கு நாம் சொல்லி வைக்கும் விதி. வார்சார் 20 இல் இருக்கும் ஊரெழுவும் வார்சார் 60 இல் இருக்கும் ஊரெழுவும் வட்டில் எடுக்கும் இடம் ஒன்றுதான்.

அப்படியென்றால் சார் எதற்கு? எப்போதும் ஒரே நீளமாக வரும் குறியீடுகளுக்கு. இரண்டு எழுத்து நாட்டுக் குறியீடு, மூன்று எழுத்து நாணயக் குறியீடு போன்றவை. ஆனால் "இது என்றும் மாறாது" என்று சத்தியம் செய்வதற்கு முன் தேசிய அடையாள அட்டை இலக்கத்தை ஒருமுறை நினைத்துப் பாருங்கள். ஒன்பது இலக்கமும் ஓர் ஆங்கில எழுத்தும், ஆக மொத்தம் பத்து. சார் 10 போட இதைவிடப் பொருத்தமான உதாரணம் கிடையாது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். 2016 இல் பன்னிரண்டு இலக்க முறை வந்தது. பிறந்த ஆண்டின் இரண்டு இலக்கம் நான்காயிற்று. பழைய அட்டை வைத்திருப்பவர்கள் பழைய இலக்கத்தோடுதான் இருக்கிறார்கள். ஆகவே இன்று அந்த நிரலில் பத்தும் வரும், பன்னிரண்டும் வரும். வார்சார் 12 போட வேண்டிய இடம் அது. நூல்களின் ஐஎஸ்பிஎன் இலக்கமும் 2007 இல் பத்திலிருந்து பதின்மூன்றாக மாறியது. வாசிகசாலையின் பழைய நூல்களில் பத்தும் புதியவற்றில் பதின்மூன்றும் இருக்கும்.

இலக்கமாகத் தெரியும் எல்லாவற்றையும் எண் வகையில் போட்டுவிடாதீர்கள் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். யாழ்ப்பாணத்துத் தொலைபேசி எண் 021 என்று தொடங்கும். எண் வகையில் போட்டால் முன்னால் உள்ள பூச்சியம் போய்விடும். கூட்டவோ கழிக்கவோ போவதில்லை என்றால் அது எழுத்துத் தரவுதான்.

ஓர் எழுத்து என்றால் எத்தனை?

இனி அந்தப் புள்ளிக்கு வருவோம். தமிழில் எழுத்து 247 என்று பாலர் வகுப்பிலேயே படித்திருக்கிறோம். கணினியில் எழுத்துகளுக்குக் குறியீடு கொடுக்கும் பொது முறையான யுனிகோட், அந்த 247 ஐயும் தனித்தனியாக வைத்திருக்கவில்லை. உயிர்கள், ஆய்தம், அகரம் ஏறிய மெய்கள், அவற்றோடு சேரும் அடையாளங்கள், புள்ளி. இவற்றுக்குத்தான் தனித்தனிக் குறியீடு. "ப" ஒரு குறியீடு. "பி" என்பது ப, அதன் பிறகு இகர விசிறி, ஆக இரண்டு. "ப்" என்பது ப, அதன் பிறகு புள்ளி, அதுவும் இரண்டு. யுடிஎப்-8 முறையில் சேமிக்கும்போது தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைற்று எடுக்கும். ஆங்கில எழுத்து 1 பைற்று.

யாழ்ப்பாணம் என்ற சொல்லை எடுங்கள். யா, ழ், ப், பா, ண, ம். நமக்கு ஆறு எழுத்து. யுனிகோட் கணக்கில் பதினொரு குறியீடு. ண மட்டும்தான் தனியாக நிற்கிறது, மற்ற ஐந்தும் இரண்டிரண்டு. பைற்றுக் கணக்கில் 33. ஆறு, பதினொன்று, முப்பத்து மூன்று. ஒரே சொல்லுக்கு மூன்று நீளம். கொப்பியில் இதை ஒருமுறை நீங்களே எழுதிப் பாருங்கள். பருத்தித்துறைக்கு 7, 13, 39 என்று வர வேண்டும். வல்வெட்டித்துறைக்கு 8, 15, 45.

மைஎஸ்கியூஎல், போஸ்ட்கிரெஸ் என்ற இரண்டு தரவுத்தள மென்பொருள்களும் வார்சாரில் எண்ணுவது நடுவில் உள்ளதை, அதாவது குறியீடுகளை. பாலசுப்பிரமணியம் நம் கணக்கில் பத்து எழுத்து. "பத்துத்தானே, பதினைந்து தாராளம்" என்று நான் நினைத்தேன். குறியீட்டுக் கணக்கில் அது பதினாறு. பதினாறாவது குறியீடு, ம் இன் புள்ளி. நான் அப்போது பயன்படுத்திய மைஎஸ்கியூஎல், எல்லையைத் தாண்டிய பகுதியை வெட்டிவிட்டு ஓர் எச்சரிக்கையை மட்டும் விட்டுச் சென்றது. அந்த எச்சரிக்கையை என் மென்பொருள் பார்க்கவேயில்லை.

ஆங்கிலத்தில் ஒரு பெயர் வெட்டுப்பட்டால் கடைசி எழுத்துகள் இல்லாமல் போகும், அவ்வளவுதான். தமிழில் வெட்டு விழுந்தால் எழுத்தே வேறாகிவிடலாம். எல்லை 8 ஆக இருந்திருந்தால் அதே பெயர் "பாலசுப்ப" என்று நின்றிருக்கும். பி என்ற எழுத்து ப ஆகியிருக்கும். பார்ப்பவருக்கு அது வெட்டுப்பட்டதாகத் தெரியாது, எழுத்துப் பிழையாகத்தான் தெரியும். தட்டச்சுச் செய்தவரில் பழி விழும். ஒரு மனிதரின் பெயரைப் பிழையாக எழுதி அவர் கையில் கொடுப்பது சின்ன விடயம் இல்லை. இந்த எண்ணைப் பற்றி இவ்வளவு தூரம் எழுதுவதற்குக் காரணம் அதுதான்.

2015 இல் வந்த மைஎஸ்கியூஎல் 5.7 இலிருந்து கடும் முறை இயல்பாகவே இயங்குகிறது; நீளம் கூடினால் வெட்டாமல், பிழை சொல்லி மறுத்துவிடும். போஸ்ட்கிரெஸும் மறுக்கும். மறுப்பது நல்லது. பழைய மென்பொருளை ஓட்டுவதற்காக அந்த முறையை நிறுத்தி வைத்திருக்கும் சேர்வர்கள் இன்னும் உண்டு. நீங்கள் பொறுப்பேற்கும் சேர்வரில் அது இயங்குகிறதா என்று முதல் நாளே பாருங்கள்.

ஒறக்கிள் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளில் இந்த வகைக்கு வார்சார்2 என்று பெயர். அங்கே எண்ணுக்குப் பின்னால் எதுவும் குறிப்பிடாவிட்டால், வழமையான அமைப்பில் எண்ணப்படுவது பைற்று. வார்சார்2 30 என்று ஊர் நிரலை அமைத்தால், ஆங்கிலத்தில் எழுதிய யாழ்ப்பாணம் ஆறு பைற்றோடு போய் உட்காரும். தமிழில் எழுதிய யாழ்ப்பாணம் 33 பைற்று என்பதால் வாசலிலேயே திருப்பி அனுப்பப்படும். ஆங்கிலத் தரவை வைத்துப் பரிசோதித்து எல்லாம் சரி என்று கொடுத்த மென்பொருள், முதல் தமிழ் முகவரியிலேயே நின்றுபோவது இதனால்தான். எண்ணோடு "சார்" என்ற சொல்லையும் சேர்த்து எழுதினால் குறியீடுகளை எண்ணும். அப்போதும் வழமையான உச்ச அளவு 4000 பைற்றுத்தான். தமிழில் 1333 குறியீடு.

மைக்ரோசொப்டின் தரவுத்தள மென்பொருளான எஸ்கியூஎல் சேர்வரில் இன்னொரு விதமான பள்ளம். அங்கே சாதாரண வார்சாரில் தமிழைப் போட்டால், யுடிஎப்-8 ஒழுங்கமைப்பைத் தெரிந்தெடுக்காத வரை, எழுத்துகள் எல்லாம் கேள்விக்குறிகளாகிவிடும். அந்த ஒழுங்கமைப்பே 2019 பதிப்பில்தான் வந்தது. தமிழுக்கு என்வார்சார் வகையைப் பயன்படுத்த வேண்டும். கட்டளையில் தமிழ்ச் சொல்லை மேற்கோள் குறிக்குள் எழுதும்போது அதற்கு முன்னால் என் என்ற ஆங்கில எழுத்தையும் போட வேண்டும். நிரலைச் சரியாக அமைத்துவிட்டு அந்த ஓர் எழுத்தை மறந்து, கேள்விக்குறி வரிசையைப் பார்த்துத் தலையைப் பிடித்துக்கொண்டிருந்த பிள்ளைகளை நான் கண்டிருக்கிறேன். கேள்விக்குறியாக மாறிச் சேமிக்கப்பட்டதை மீட்கவும் முடியாது.

கொக்குவில் இரண்டு வகை

இன்னும் நுணுக்கமான ஒன்று. கொக்குவில் என்ற ஊர்ப் பெயரில் முதல் எழுத்து "கொ". ஒகர அடையாளத்துக்கு யுனிகோடில் ஒரே குறியீடு இருக்கிறது. அதையே கொம்பும் காலும் என்று இரண்டு குறியீடாகவும் எழுதலாம். இரண்டும் ஒன்றே என்று யுனிகோடே சொல்கிறது. திரையில் எந்த வித்தியாசமும் தெரியாது. ஆனால் முதல் வகையில் கொக்குவில் 10 குறியீடு, இரண்டாம் வகையில் 11. எந்த விசைப்பலகை, எந்தப் பழைய எழுத்துரு மாற்றி வழியாக வந்தது என்பதைப் பொறுத்து இரண்டும் கலந்து வரும்.

நீளம் ஒன்று கூடுவதோடு இது நிற்பதில்லை. போஸ்ட்கிரெஸ் வழமையான அமைப்பில் அவை இரண்டையும் வேறு வேறு சொல்லாகவே எடுக்கும். கொக்குவிலில் உள்ள உறுப்பினர்களைத் தேடினால் பாதிப் பேர் வருவார்கள், பாதிப் பேர் வரமாட்டார்கள். சேமிப்பதற்கு முன் எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுவதுதான் வழி. அதற்கென நோர்மலைஸ் என்ற செயற்கூறு போஸ்ட்கிரெஸ் 13 இலிருந்து உண்டு. பைத்தன், ஜாவா போன்ற மொழிகளிலும் உண்டு. பெயரின் முன்னும் பின்னும் ஒட்டிக்கொண்டு வரும் வெற்றிடங்களையும் அப்போதே வெட்டிவிடுங்கள். கைபேசி விசைப்பலகைகள் சொல்லின் பின்னால் ஒரு வெற்றிடத்தைச் சேர்த்து விடுவது வழமை.

255 எங்கிருந்து வந்தது?

"சேர், ஏன் எல்லாரும் 255 போடுகினம்?" வகுப்பில் தவறாமல் வரும் கேள்வி. ஒரு பைற்றில் 0 முதல் 255 வரைதான் எழுதலாம். நீளத்தைக் குறிக்க ஒரு பைற்று போதும் என்றால் 255 தான் உச்சம். மைஎஸ்கியூஎலில் 5.0.3 பதிப்பு வரும் வரை வார்சாரின் எல்லையே 255 ஆக இருந்தது. அதற்குப் பிறகு எல்லை கூடிவிட்டது. கைப்பழக்கம் மட்டும் போகவில்லை.

நமக்கு அந்த எண்ணில் விசேடம் எதுவும் இல்லை. மைஎஸ்கியூஎல் 8.0 இல் இயல்பாக வரும் யுடிஎப்8எம்பி4 எழுத்துத் தொகுதியில் ஒரு குறியீட்டுக்கு 4 பைற்று வரை ஆகலாம் என்று கணக்கு வைக்கப்படும். 255 ஐ 4 ஆல் பெருக்கினால் 1020. ஆகவே நீளத்தைக் குறிக்க இரண்டு பைற்று வேண்டும். ஒரு பைற்றோடு நிற்க வேண்டுமானால் 63 வரைதான் போகலாம். பழைய அட்டவணைகளில் 191 என்ற எண்ணைக் கண்டால் அதுவும் இதே கணக்கு. முன்பு சுட்டிக்கு, அதாவது விரைவாகத் தேடுவதற்கான பட்டியலுக்கு, ஒரு நிரலில் 767 பைற்றுதான் அனுமதி. அதை 4 ஆல் வகுத்தால் 191. இன்றைய வழமையான அமைப்பில் அந்த அனுமதி 3072 பைற்று.

எல்லாவற்றுக்கும் பெரிய எண்ணையே போட்டுவிட்டால் என்ன என்று கேட்கலாம். வட்டில் இடம் வீணாகாது என்று மேலே நானே சொன்னேன். ஆனாலும் மைஎஸ்கியூஎலில் ஒரு நிரையின் நிரல்கள் எல்லாம் சேர்ந்து 65,535 பைற்றுக்குள் அடங்க வேண்டும். அந்தக் கணக்கு நாம் அறிவித்த உச்ச நீளத்தை வைத்துத்தான். எஸ்கியூஎல் சேர்வர் வரிசைப்படுத்தலுக்கு நினைவகம் ஒதுக்கும்போது, அறிவித்த நீளத்தில் பாதி நிரம்பியிருக்கும் என்று ஊகித்து ஒதுக்கும். 4000 என்று போட்டு வைத்த ஊர்ப் பெயர் நிரல் அங்கே நினைவகத்தைத் தேவையில்லாமல் பிடித்து வைக்கும். போஸ்ட்கிரெஸ் இந்த விடயத்தில் தாராளம். எல்லை போட்ட வார்சாரும் எல்லையில்லாத ரெக்ஸ்ட் வகையும் அங்கே வேகத்தில் ஒன்றுதான்.

என் எண்ணத்தில் இவற்றைவிட முக்கியமான காரணம் வேறு. பெயர் நிரலுக்குள் யாரோ தவறுதலாக ஒரு கடிதம் முழுவதையும் ஒட்டினால் தடுத்து நிறுத்துவது அந்த எண்தான். எல்லை சரியாக இருந்தால் பிழை வாசலிலேயே பிடிபடும்.

வாசிகசாலை அட்டவணையை இன்று அமைத்தால் இப்படி அமைப்பேன். பெயருக்கு 120. நீளமான தமிழ்ப் பெயர், தகப்பன் பெயர், முதலெழுத்துகள், இடையில் வெற்றிடம், எல்லாம் எண்ணி, அதை இரண்டால் பெருக்கி, கொஞ்சம் கூட்டி விட்ட எண் அது. தமிழ் எழுத்து ஒன்றுக்கு இரண்டு குறியீடு என்று வைத்துக்கொண்டால் பெரும்பாலும் தப்பாது. ஸ்ரீ போன்றவை மட்டும் நான்கு எடுக்கும். ஊருக்கு 60. அடையாள அட்டைக்கு 12. தபால் குறியீட்டுக்குச் சார் 5, யாழ்ப்பாணத்துக்கு 40000. தொலைபேசிக்கு 20, ஏனென்றால் அவசரத்துக்கு அழைக்க வேண்டிய எண்ணாக ரொறன்ரோவிலும் லண்டனிலும் உள்ள பிள்ளைகளின் எண்ணைத் தருகிறார்கள். சர்வதேச எண் 15 இலக்கம் வரை போகலாம், முன்னால் சக அடையாளமும் வரும். முகவரிக்கு 300. நூலின் தலைப்புக்கும் 300. பழைய சமய நூல்களின் தலைப்புப் பக்கத்தை ஒருமுறை பார்த்தால் இந்த எண் ஏன் என்று விளங்கும். குறிப்புகளுக்கு ரெக்ஸ்ட்.

எண் சிறிதாகப் போய்விட்டது என்று பின்னால் தெரிந்தால் பயப்பட வேண்டாம். கூட்டுவது சுலபம். போஸ்ட்கிரெஸ் 9.2 இலிருந்து எல்லையைக் கூட்டும்போது அட்டவணையை மறுபடி எழுதுவதில்லை. மைஎஸ்கியூஎலிலும் நீளக் குறிப்பு ஒரு பைற்றிலிருந்து இரண்டுக்கு மாறாத வரை வேலை உடனே முடியும். குறைப்பதுதான் ஆபத்து. இருக்கும் தரவில் மிக நீளமானது எவ்வளவு என்று பார்க்காமல் குறைக்கக் கூடாது.

ஆனால் எல்லையைக் கூட்டினால் ஏற்கனவே வெட்டுப்பட்டது திரும்பி வராது. எந்தப் பெயர்கள் வெட்டுப்பட்டிருக்கும் என்று கண்டுபிடிக்க ஒரு வழி இருக்கிறது. நீளம் எல்லைக்குச் சரிசமமாக இருக்கும் மதிப்புகளை மட்டும் எடுத்துப் பாருங்கள். மைஎஸ்கியூஎலில் இதற்குச் சார் லெங்த் என்ற செயற்கூறு. வெறும் லெங்த் அங்கே பைற்றை எண்ணும், அதனால் குழப்பிக்கொள்ளாதீர்கள். போஸ்ட்கிரெஸில் லெங்த் என்பதே குறியீடுகளை எண்ணும். வார்சார் 15 நிரலில் சரியாக 15 நீளமுள்ள பெயர்கள் எல்லாம் சந்தேகத்துக்குரியவை.

நான் அப்படி எடுத்த பட்டியல் ஒரு பக்கத்தை நிரப்பியது. அலுமாரியில் இருந்த பழைய உறுப்பினர் இடாப்பை அக்கா எடுத்து வந்தார். மையால் எழுதிய பெயர்களை அவர் ஒவ்வொன்றாக வாசிக்க, நான் நிரலை 120 ஆக்கிவிட்டு ஒவ்வொன்றாக அடித்தேன். கடைசியாகப் பெரியவரின் பெயரை அடித்து, புள்ளியையும் வைத்து, சேமித்த பிறகு அட்டவணையிலிருந்து திரும்ப எடுத்து நீளத்தைப் பார்த்தோம். பதினாறு என்று வந்தது. அவருடைய அட்டையை அன்று பின்னேரமே மறுபடி அச்சடித்தோம்.